பூஸ்ட் போடாமல் சேர்ந்த கூட்டம்

ஃபேஸ்புக்கில் ஒரு படம் போட்டு, வழக்கத்தைவிடப் பத்து லைக் கூடுதலாக விழுந்தால் போதும். கீழே ‘பூஸ்ட்’ என்று நீலநிறப் பொத்தான் ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். பதிவு நன்றாகப் போகிறது, கொஞ்சம் காசு போட்டால் இன்னும் நிறையப் பேருக்குக் காட்டுகிறேன் என்று நைசாகக் கேட்கும். அல்வாக் கடைக்காரர், பாட்டு டீச்சர், நாட்டு விதை விற்கும் விவசாயி, கோயில் படம் எடுத்துப் போடும் கல்லூரிப் பையன் என எல்லோரும் ஏதோ ஒரு நாள் அசந்த நேரத்தில் அதை அமுக்கியவர்கள்தான். ஐந்நூறு ரூபாய் போகும். எண்ணிக்கை ஏறும். மறுநாள் போடும் பதிவுக்குப் பழையபடி அதே பழைய லைக்.

காசு கட்டாமல் இந்தக் காலத்தில் ஆள் சேருமா என்று கேட்பவர்கள், ஜனவரியில் ஒரு தடவை தஞ்சாவூர்ப் பக்கத்துத் திருவையாறு வந்து பார்க்கலாம். புஷ்ய பகுள பஞ்சமியன்று, தியாகராஜர் ஆராதனை நாள் காலையில், காவிரிக்கரைப் பந்தலில் வித்வான்கள் எதிரெதிர் வரிசையாகச் சம்மணமிட்டு உட்கார்கிறார்கள். நாட்டையில் ஆரம்பித்து ஸ்ரீராகத்தில் முடிக்கிறார்கள். பஞ்சரத்னம் எனப்படும் ஐந்து கீர்த்தனை. பாடுகிறவர்கள் சன்மானத்துக்காக வருவதில்லை. கேமராவில் விழுகிற முதல் வரிசையில் இடம் பிடிக்க நடக்கும் கௌரவமான தள்ளுமுள்ளு தனிக்கதை. தூர்தர்ஷன் நேரலை வருகிறது. பந்தலில் பாதிப் பேர் கையில் போன் உயர்ந்து நிற்கிறது. இத்தனைக்கும் காரணமான தியாகராஜர் காலமானது 1847 ஜனவரி 6-ம் தேதி. ரேடியோ இல்லை, ரெக்கார்டு இல்லை, பாட்டோ தெலுங்கு. திருமஞ்சன வீதியில் இருந்தவர், செம்பை ஏந்தி உஞ்சவிருத்தி எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் பாடிப் போனவர்.

அவருடைய பாட்டு ஊர் தாண்டியது எப்படி என்பதில் நம்முடைய கேள்விக்கான பதிலில் முக்கால்வாசி இருக்கிறது.

சுமந்து போனவர்கள்

தியாகராஜரின் சீடர் பரம்பரையில் மூன்று கிளைகளை முக்கியமாகச் சொல்வார்கள். ஒன்று, ஊருக்குக் கூப்பிடுதூரத்தில் இருக்கும் தில்லைஸ்தானம். இன்னொன்று, கும்பகோணம் பக்கத்து உமையாள்புரம். மூன்றாவது, வட ஆர்க்காட்டு வாலாஜாபேட்டை. வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதரும் அவர் மகன் கிருஷ்ணசாமி பாகவதரும் குருநாதர் பாட்டுகளை எழுதி எழுதிச் சேர்த்தார்கள். அந்தச் சுவடிகள் மதுரை சௌராஷ்டிர சபைக்குப் போய்ச் சேர்ந்து பிழைத்தன. மானம்புச்சாவடி வேங்கடசுப்பையரிடம் கற்ற மகா வைத்தியநாத ஐயரும் பட்டணம் சுப்பிரமணிய ஐயரும் அதே பாட்டுகளைப் பெரிய மேடைகளுக்குக் கொண்டுபோனார்கள். ஒரே கீர்த்தனை ஒவ்வொரு கிளையிலும் சற்றே வேறு மாதிரி இருக்கும். எது சரியான பாடாந்தரம் என்று இன்றைக்கும் சபா கேன்டீனில் சண்டை நடக்கிறது. சண்டை நடப்பது நல்லதுதான். தன்னுடையது என்று நினைப்பதால்தானே சண்டை போடுகிறார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது, தியாகராஜரை எத்தனை பேர் நேரில் கேட்டார்கள் என்பதல்ல. கேட்டவர்களில் எத்தனை பேர் அதை எடுத்துக்கொண்டுபோய் இன்னொருவருக்குக் கொடுத்தார்கள் என்பதுதான். கேட்டுவிட்டு ஆஹா என்றவர்கள் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். அவர்கள் லைக் போட்டவர்கள். பாட்டைப் பிழைக்கவைத்தவர்கள் அந்தச் சில டஜன் சீடர்கள்.

இது வெறும் ஒப்புமைக்காகச் சொன்னதல்ல. இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் வெளிப்படையாகவே சொன்ன விஷயம் இது. ஒரு வீடியோவை எவ்வளவு பேருக்குக் காட்டலாம் என்று தீர்மானிக்கும்போது மூன்று விஷயங்களை முக்கியமாகப் பார்க்கிறார்களாம். எவ்வளவு நேரம் பார்த்தார்கள், பார்த்தவர்களில் எத்தனை பேர் லைக் போட்டார்கள், எத்தனை பேர் அதை வேறொருவருக்கு அனுப்பினார்கள். ஏற்கெனவே நம்மைப் பின்தொடர்பவர்களிடம் லைக் அதிகம் பேசும். நம்மை யாரென்றே தெரியாதவர்களிடம் போய்ச் சேர வேண்டுமானால் அனுப்புகிற கைதான் முக்கியம். ஃபேஸ்புக்கும் 2018 ஜனவரியிலேயே திசையை மாற்றிவிட்டது. கம்பெனிகளும் பேஜ்களும் போடுவதைக் குறைத்து, உறவும் நட்பும் போடுவதை மேலே காட்டப்போகிறோம் என்று அறிவித்தது. அன்றிலிருந்து பேஜ் வைத்திருப்பவர்களின் பதிவு தானாகப் போய்ச் சேர்வது சுருங்கியது. ஆனால் அதே பதிவை ஒரு சித்தப்பா எடுத்துத் தன் குடும்ப குரூப்பில் போட்டால், அது உறவு போட்டதாகிவிடுகிறது.

ஆக, ஒவ்வொரு பதிவுக்கு முன்னாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. இதை யார் யாருக்கு அனுப்புவார், எதற்காக அனுப்புவார்? பதில் தெரியாவிட்டால் அந்தப் பதிவைப் போடாமலே இருக்கலாம். எடிட்டிங், ஃபில்டர், டிரெண்டிங் பாட்டு எல்லாம் அதற்கு அப்புறம்.

இரண்டு கிலோ கொடுத்தால் நாலு கிலோ

சுமந்து போகும் கையைப் பிடிப்பது எப்படி என்பதற்குச் சமீப காலத்தில் இந்தக் காவிரி டெல்டாவே ஒரு பாடம் நடத்தியிருக்கிறது. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஆதிரெங்கம். அங்கே 2006-ல் தொடங்கி வருடம்தோறும் நெல் திருவிழா நடத்தியவர் ‘நெல்’ ஜெயராமன். இயற்கை வேளாண்மையைப் பரப்பிய நம்மாழ்வார் போட்ட பாதையில் வந்தவர். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் என்று 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிப் பிடித்து மீட்டார். திருவிழாவுக்கு வரும் விவசாயிக்கு ஒரு ரகத்தில் இரண்டு கிலோ விதைநெல் கொடுப்பார். காசு வேண்டாம். அடுத்த வருடம் அதே ரகத்தில் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. அந்த நாலு கிலோ அடுத்த வருடம் இன்னும் இரண்டு பேருக்குப் போகும்.

இந்த ஏற்பாட்டின் சாமர்த்தியத்தை நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். வாங்கியவர் திரும்பி வந்தாக வேண்டும், அதனால் உறவு ஒரு நாளோடு முடியவில்லை. திருப்பித் தருவதற்காகவே அவர் அதை விதைத்தாக வேண்டும், பரணில் போட முடியாது. விதைத்தால் பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று கேட்பார், இது என்ன நெல்லு, இவ்வளவு உசரம் போகுது? விளம்பரம் அங்கே வரப்பில் நடக்கிறது. 2018 டிசம்பரில் ஜெயராமன் காலமானார். அவர் மீட்ட ரகங்கள் இன்றைக்கும் வயலில் நிற்கின்றன.

சோஷியல் மீடியாவில் இதற்குச் சமமான காரியம் என்ன? பார்த்துவிட்டுப் போ என்று சொல்லாமல், செய்துவிட்டு வந்து சொல் என்று சொல்வது. பாட்டு டீச்சர் ஒருவர் பேஜ் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தான் பாடுவதைப் போட்டால் நூறு பேர் கைதட்டுவார்கள். அதற்குப் பதிலாக ஒரு வரியை மட்டும் எடுத்து, மூன்று தரம் மெதுவாகச் சொல்லிக்கொடுத்து, வெள்ளிக்கிழமைக்குள் பாடி அனுப்புங்கள், ஐந்து பேருடையதைப் போடுகிறேன் என்றால்? பாடி அனுப்பிய ஐந்து பேர் வீட்டிலும் பாட்டி, அத்தை, அமெரிக்காவில் இருக்கும் மாமா என்று ஆளுக்கு இருபது பேர் வந்து பார்ப்பார்கள். குழந்தை பாடிய வீடியோவை அனுப்பாத குடும்பம் தமிழ்நாட்டில் உண்டா?

எதற்காக அனுப்புகிறார்கள் என்று பார்த்தால் காரணங்கள் மூன்றுக்குள் அடங்கிவிடும். அதில் முதலாவது, அனுப்பாவிட்டால் அடுத்தவருக்கு நஷ்டம் வரும் என்கிற நினைப்பு. குறுவை அறுவடை நேரத்தில் மேகம் கறுத்தால் டெல்டாவில் ஒருத்தர் போனும் சும்மா இருக்காது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுக்க மாட்டார்கள். அரசு தளர்வு கொடுத்தால்தான் உண்டு. அரை மணி நேர மழையில் ஒரு போகத்து உழைப்பு முளைவிட்டுவிடும். அப்படிப்பட்ட இடத்தில்தான் டெல்டா வெதர்மேன் ஹேமச்சந்தர், மன்னார்குடி செல்வகுமார் போன்றவர்கள் பெயர் வாங்கினார்கள். அரசு வானிலை மையத்தைச் சேராதவர்கள். அறிக்கை நடையில் பேசாமல், எந்தப் பக்கம் எப்போது பெய்யும் என்று விவசாயிக்குப் புரிகிற மாதிரி சொன்னார்கள். சென்னையில் 2015 வெள்ளத்தின்போது தமிழ்நாடு வெதர்மேன் பிரதீப் ஜானுக்கு நடந்ததும் இதுதான். நாளைக்கு அறுக்கலாமா, வெளியே கிளம்பலாமா என்று தெரிந்துகொள்ள வந்த கூட்டம் இவர்களுடையது. அழகான வீடியோவுக்காக வந்ததல்ல. ஊர் பேஜ் நடத்துபவர்கள் இதைப் பிடித்துக்கொள்ளலாம். முறைப்பாசனத்தில் தண்ணீர் எந்த வாய்க்காலுக்கு எப்போது வருகிறது, கொள்முதல் நிலையம் திறந்ததா, ஆராதனையன்று எந்தப் பாலம் வழியாக பஸ் திருப்பிவிடப்படுகிறது. சொல்லுகிற செய்தி சரியாக இருக்க வேண்டும், அதுதான் முதல். ஒரு தடவை பொய்த்தால் பத்துத் தடவை சரியாகச் சொன்னது கணக்கில் வராது.

இரண்டாவது காரணம் பெருமை. எங்க ஊரு என்று சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு. திருவையாற்று ஐயாறப்பர் கோயிலின் வெளிப்பிராகாரத்தில் ஒரு மூலை உண்டு. அங்கே நின்று ‘ஐயாறா’ என்று குரல் கொடுத்தால் அது ஏழு தடவை திரும்பக் கேட்கும் என்பார்கள். கோயிலுக்கு வருகிற ஒவ்வொரு குழந்தையும் அங்கே கத்தாமல் போவதில்லை. சத்தத்தை அப்படியே விட்டு, மேலே பாட்டு ஒட்டாமல், முப்பது நொடி எடுத்துப் போட்டால் அதை ஊரை விட்டுப் போனவர்கள் கொண்டுபோய்விடுவார்கள். அதன் மேல் சினிமா பாட்டை ஏற்றிய வீடியோவை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எதிரொலிக்குத்தானே ஐயா அங்கே போனீர்கள்?

மூன்றாவது, வாயில் எச்சில் ஊறுவது. திருவையாறு என்றாலே தஞ்சாவூர்க்காரர்களுக்கு அசோகா. பாசிப்பருப்பை வறுத்து, குழைய வேகவைத்து, மசித்து, நெய்யில் வறுத்த கோதுமை மாவோடு சர்க்கரை சேர்த்துக் கிளறுகிற அல்வா. அதில் ஒரு கட்டம் வரும். கரண்டியோடு ஒட்டிக்கொண்டு மல்லுக்கட்டிய மொத்தையும் ஒரு நொடியில் வாணலியை விட்டுச் சுருண்டு எழும். ஓரத்தில் நெய் கசியும். கடைக்காரர் போடும் வீடியோவில் பெரும்பாலும் அந்த நொடி இருக்காது. கடைப் பெயர்ப்பலகை இருக்கும், முதலாளி கையெடுத்துக் கும்பிடுவது இருக்கும், ட்ரேயில் ஆறிப்போன அல்வா இருக்கும். பார்ப்பவர் முதல் இரண்டு மூன்று நொடியில் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார். சுருண்டு எழுகிற அந்த நொடியில் வீடியோ ஆரம்பித்தால், அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று பார்க்க நிற்பார். கும்பிடுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

சமையல் வீடியோவுக்குப் பக்கத்து மாவட்டத்தைத்தான் காட்ட வேண்டும். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் 2018-ல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல், 2021 ஜூலையில் ஒரு கோடி சப்ஸ்கிரைபரைத் தொட்டது. தமிழ் யூடியூப் சேனல்களில் அந்த எண்ணிக்கையை எட்டிய முதல் சேனல். அதே வருடம் ஜனவரியில் ராகுல் காந்தி வந்து அவர்களோடு காளான் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனார். அவரால்தான் வளர்ந்தார்கள் என்று சிலர் சொல்வது சரியில்லை. அவர் வந்ததே அதற்குள் அவர்கள் வளர்ந்திருந்ததால். அந்த வீடியோக்களை ஒரு தடவை சத்தத்தை மட்டும் கேட்டுப் பாருங்கள். மஞ்சள், மிளகு, சீரகம் என்று ஒவ்வொரு பொருளையும் பெயர் சொல்லி உரக்கக் கூவிப் போடுவார்கள். அம்மிச் சத்தம், விறகு வெடிக்கிற சத்தம், வயக்காட்டுக் காற்று. வேறு அலங்காரம் கிடையாது. தமிழ் தெரியாதவருக்கும் எல்லாம் விளங்கும். சமைத்ததை முதியவர்களுக்குப் போடுவார்கள். ஒவ்வொரு வீடியோவும் அதே இடம், அதே ஆட்கள், அதே வரிசை. இன்றைக்கு இதையே பின்பற்றி எத்தனையோ சேனல்கள். அவற்றில் பல காணாமல் போனதற்குக் காரணம், தோட்டத்தையும் தாத்தாவையும் நகலெடுத்தார்கள், வாரம் தவறாமல் வருவதை மட்டும் நகலெடுக்க முடியவில்லை.

வாரம் தவறாமல் என்ன போடுவது என்று கையைப் பிசைகிறவர்களுக்கு, இந்தப் பக்கத்தில் நாள்காட்டியே வேலையைப் பாதி முடித்துவைத்திருக்கிறது. ஜூன் 12 மேட்டூர் அணை திறப்பு, ஆடிப்பெருக்கு, ஆடி அமாவாசையில் ஐயாறப்பர் கோயில் கயிலைக் காட்சி, சம்பா நடவு, ஐப்பசி மழை, தை அறுவடை, ஆராதனை, சித்திரையில் ஏழூர்த் திருவிழா. ஒவ்வொன்றுக்கும் பத்து நாள் முன்பே ஜனங்கள் தேடத் தொடங்குவார்கள். தேதி, நேரம், எப்படிப் போவது, எங்கே சாப்பாடு. விழா முடிந்து ஒரு வாரம் கழித்து அழகாக எடிட் செய்து போடும் வீடியோவைவிட, விழாவுக்கு நாலு நாள் முன்னால் போடும் எளிய தகவல் பல மடங்கு கைமாறும். போனில் தேடுகிறவர்கள் பாதிப் பேர் ஆங்கில எழுத்தில்தான் ஊர்ப் பெயரை அடிக்கிறார்கள், அதிலும் ஆளுக்கொரு விதமாக. தமிழிலும் ஆங்கில எழுத்தில் வழங்கும் இரண்டு மூன்று விதத்திலும் பெயரை விவரத்தில் எழுதி வைப்பது, இருபது ஹேஷ்டேக் போடுவதைவிட மேல். தஞ்சாவூரிலிருந்து வரும்போது வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறு கடக்கிறோம். ‘ஆற்றில் தண்ணீர்’ என்று பொத்தாம்பொதுவாகத் தலைப்பு வைத்தால் யாருக்கும் உதவாது. எந்த ஆறு, எந்தப் பாலம், எந்தத் தேதி என்று எழுதியவரைத்தான் அடுத்த வருடமும் தேடி வருவார்கள்.

கமென்ட்டுக்குப் பதில் போடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. கடைக்கு வந்த ஆளிடம் வாங்க என்று சொல்லாமல் இருப்போமா? பேஜில் மட்டும் எப்படியோ சொல்லாமல் இருந்துவிடுகிறோம். கேள்வி கேட்டவருக்கு அன்றைக்கே பதில். அவ்வளவுதான்.

வாட்ஸ்அப்பை நம்பியிருப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். வதந்திகளால் உயிர்கள் போன 2018-ல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி கட்டினார்கள். கொரோனா காலத்தில் 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பல கை மாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஒரு சாட்டுக்குத்தான் அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கினார்கள். எனவே ஒரே ஆள் ஐம்பது குரூப்பில் தள்ளுவது என்ற பழைய வித்தை இனி எடுபடாது. ஐம்பது பேர் ஆளுக்கு ஒன்றாக, மனம் வந்து அனுப்ப வேண்டும். தியாகராஜர் காலத்து நிலைமைக்கே திரும்பிவிட்டோம்.

ஒரு சிலர் குறுக்கு வழி தேடுகிறார்கள். ஆயிரம் ஃபாலோயர் இத்தனை ரூபாய் என்று விற்கிறார்கள். இது பூஸ்ட்டைவிட மோசம். புதிய பதிவை முதலில் நம்மைப் பின்தொடர்பவர்கள் உட்படக் கொஞ்சம் பேருக்குக் காட்டி, அவர்கள் நின்று பார்க்கிறார்களா என்று சோதித்துத்தான் மேலே போவதா என முடிவாகிறது. விலைக்கு வாங்கிய ஃபாலோயருக்கு அல்வாவும் தெரியாது, ஐயாறும் தெரியாது. தாண்டிப் போய்விடுவார். மூச்சே இல்லாத பத்தாயிரம் பேர், நிஜமான முந்நூறு பேரையும் சேர்த்து மூழ்கடித்துவிடுவார்கள். நீ என்னை ஃபாலோ பண்ணு, நான் உன்னைப் பண்ணுகிறேன் என்று குரூப் கட்டுவதும் இதே வகை.

கட்சி கட்டிய கதை

திருவையாற்று ஆராதனையின் வரலாற்றில் சங்கடமான ஒரு பகுதியும் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராதனை நடத்தியவர்கள் பெரிய கட்சி, சின்ன கட்சி என்று பிரிந்து, தனித்தனியாக நடத்தினார்கள். இரண்டு கட்சி மேடையிலும் பெண்கள் பாட இடமில்லை. தியாகராஜர் சமாதி சிதிலமாகிக் கிடக்கிறது என்று கேள்விப்பட்ட பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள், தன் சேமிப்பைக் கொட்டி 1920-களில் அங்கே கோயில் எழுப்பினார். அவருக்கே பாட இடமில்லை. பின்பக்கம் தனியாகப் பெண்கள் ஆராதனையை ஆரம்பித்தார். மூன்று கூட்டம், மூன்று கச்சேரி, ஒரே சமாதி. 1940-ஐ ஒட்டித்தான் மூன்று கூட்டமும் ஒன்றானது. அதற்குப் பிறகுதான் பஞ்சரத்ன கீர்த்தனைகளை எல்லோரும் சேர்ந்து பாடும் வழக்கம் வேரூன்றியது. அந்தக் கோஷ்டி கானம்தான் இன்றைக்கு உலகம் முழுக்கப் போயிருக்கிறது. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1978-ல் இருந்து ஆராதனை நடக்கிறது. தனி வித்வானின் கச்சேரியை எடுத்துப் போய் இன்னொரு ஊரில் நடத்த முடியாது. எல்லோரும் சேர்ந்து பாடுவதை எந்த ஊரிலும் நடத்தலாம்.

இன்றைக்கு இந்த ஒரு ஊரின் பெயரில் எத்தனை பேஜ் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். ஒரே வீடியோவை ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்து, மூலையில் இருந்த பெயரை அழித்து, தன் பெயரைப் பெரிதாகப் பதித்துப் போடுகிறார்கள். கீழே கமென்ட்டில் திட்டு. மறுபடியும் பெரிய கட்சி, சின்ன கட்சி. இன்ஸ்டாகிராமில் கொலாப் என்று ஒரு வசதி இருக்கிறது. இரண்டு பேர் சேர்ந்து ஒரே பதிவைப் போடலாம், அது இருவருடைய ஃபாலோயருக்கும் போகும். லைக்கும் கமென்ட்டும் ஒரே இடத்தில் சேரும். காசு கிடையாது. கேட்க வெட்கப்படுவதுதான் தடை.

சித்திரையில் ஏழூர்த் திருவிழா வருகிறது. ஐயாறப்பர் பல்லக்கு திருவையாற்றிலிருந்து கிளம்பி திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று போகும். ஒவ்வொரு ஊரிலும் அந்தந்த ஊர்ச் சாமியின் பல்லக்கும் சேர்ந்துகொள்ள, எல்லாமாகத் திருவையாறு திரும்பும். ஏழு ஊரிலும் பேஜ் வைத்திருக்கும் பையன்கள் இருப்பார்கள். தன் ஊர் எல்லையில் பல்லக்கு நுழைவதை ஒவ்வொருவரும் எடுத்து, அடுத்த ஊர்க்காரரைக் கொலாப்பில் சேர்த்துப் போட்டால், ஒவ்வொரு ஊர்க் கூட்டமும் அடுத்த ஊர்ப் பேஜுக்கும் போகும். பங்குனியிலேயே ஒரு வாட்ஸ்அப் குரூப் போட்டுப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். வேதிகுடிப் பக்கம் சிக்னல் கிடைக்காவிட்டால் யார் அப்லோடு செய்வது என்பதையும் சேர்த்து.